பூட்டிய ஸ்டோரில் மூன்று ஹெல்மெட்டுகள்: பட்டறை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருச்சி பக்கம் துவாக்குடி வட்டாரத்தில் ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்தும் முதலாளிகளுக்கு வணக்கம்.

இந்த வட்டாரத்தில் 22 ஆண்டுகளாக வெல்டராக இருப்பவன் எழுதுகிறேன். போன மாதம் ஸ்டோரில் நாசில் தேடியபோது அலமாரியின் அடித்தட்டில் மூன்று ஆட்டோ ஹெல்மெட்டுகளைக் கண்டேன்; ஆர்க், அதாவது வெல்டிங் ஒளி, பிடித்ததும் கண்ணாடி தானாகக் கறுக்கும் வெல்டிங் ஹெல்மெட்டுகள் அவை. மூன்றின் நெற்றியிலும் சாக்பீஸால் 'ரிப்பேர்' என்று எழுதியிருந்தது. வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. "இதெல்லாம் நமக்கு ஒத்துவராது, கையில் பிடிக்கும் பழைய ஷீல்டே போதும்" என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார்.

டீ இடைவேளையில் மூன்றையும் எடுத்துப் பார்த்தேன்.

முதலாவதில் பட்டன் செல் தீர்ந்திருந்தது, அவ்வளவுதான். செல் வைக்கும் தட்டு தீப்பெட்டியின் உள்கூடு போல இழுத்தால் வந்துவிடும். சி.ஆர். 2032, பல கார்களின் ரிமோட் சாவியில் இருக்கும் அதே செல். இரண்டு டீ, இரண்டு வடை விலை. சோலார்தான் இருக்கிறதே என்று நம்பி யாரும் அந்தத் தட்டைத் திறந்தே பார்க்கவில்லை. அந்த மாடலில் சோலார் துணைக்குத்தான். செல்லில் சார்ஜ் குறைந்தால் ஆர்க் எரியும்போதே கண்ணாடி விட்டுவிட்டுத் தெளியும்.

இரண்டாவது, நான்கு தடவைக்கு ஒரு தடவை கறுக்காமல் ஏமாற்றியது. கறுக்கும் கண்ணாடியைச் சுற்றித் தெரியும் சிறு துளைகள் சென்சார்கள். ஆர்க் பிடித்துவிட்டது என்று அவைதான் கண்டு சொல்ல வேண்டும். அவற்றுக்கு நேரே, வெளியே மாட்டியிருக்கும் முன்கண்ணாடியில் ஸ்பேட்டர் (தெறித்த உலோகத் துளிகள்) அப்பிக் கிடந்தால் எப்படிச் சொல்லும்? முன்கண்ணாடியை மாற்றினேன், சரியாகிவிட்டது. குறைந்த ஆம்பியரில் ஆர்கான் வெல்டிங் செய்யும்போது கறுக்கவில்லை என்றால் சென்சிட்டிவிட்டியை, அதாவது சென்சாரின் உணர்திறனை, கூட்ட வேண்டும். பக்கத்து மேடையின் ஆர்க்குக்கெல்லாம் கறுத்தால் குறைக்க வேண்டும்.

மூன்றாவது உண்மையிலேயே போய்விட்டது. யாரோ உயரத்திலிருந்து தவறவிட்டிருக்கிறார்கள். மூலையில் மை கொட்டியது போலக் கறை. உள்ளே இருக்கும் நீர்மப் படிகத் தகடு உடைந்தால் மருந்தில்லை.

ஆக, மூன்றில் இரண்டு சும்மாவே ஓய்வு பெற்றிருந்தன. அந்த மாதங்களில் பையன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு கையில் வெல்டிங் ராடு பிடிக்கும் ஹோல்டர், மறு கையில் ஒட்ட வேண்டிய ஜாப். ஷீல்டு பிடிக்க மூன்றாவது கை இல்லை. முகத்தைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு டேக், அதாவது சின்னப் புள்ளி வெல்டு, போட்டார்கள். இரவு பத்து மணிக்குமேல் கண்ணில் மணலை வாரிப் போட்டது போல எரியும். வீட்டில் உருளைக்கிழங்கை வில்லையாக நறுக்கிக் கண்மேல் வைப்பார்கள். மறுநாள் லீவு. அந்த லீவுக் கணக்கை ஹெல்மெட் விலையோடு நீங்கள் சேர்த்துப் பார்த்ததுண்டா?

"கறுக்கத் தவறினால் கண் போய்விடுமே" என்ற பயம் பலருக்கு இருக்கிறது. தரமான ஹெல்மெட்டில் புற ஊதாக் கதிரையும் அகச்சிவப்புக் கதிரையும் தடுக்கும் வடிகட்டி தனி; அதற்கு மின்சாரம் வேண்டாம், கண்ணாடி தெளிவாக இருக்கும்போதும் தடுத்துக்கொண்டே இருக்கும். கறுப்பது கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சத்தைக் குறைக்க. அதற்காகக் கறுக்காத ஹெல்மெட்டோடு வேலை செய்யச் சொல்லவில்லை. ஷிப்ட் தொடங்கும்போது சென்சிட்டிவிட்டியை முழுதும் வைத்து, ஹெல்மெட்டைக் கையில் பிடித்து வெயில் பக்கம் காட்டுங்கள். பெரும்பாலானவை கறுத்துக் காட்டும். கிரைண்டிங் வேலைக்காகக் கறுப்பதை நிறுத்தி வைக்கும் கிரைண்டிங் மோடில் விட்டிருந்தால் கறுக்காது. நான் பார்த்த பாதிக் 'கோளாறுகள்' அந்த ஒரு பொத்தான்தான்.

துடைப்பதில்தான் நாம் பெரும்பாவம் செய்கிறோம். மெஷின் துடைத்த பனியன் வேஸ்டால் கண்ணாடியைத் துடைக்கக் கூடாது. அதில் இருக்கும் இரும்புத்தூள் முன்கண்ணாடியைக் கீறிப் பனிமூட்டம் ஆக்கிவிடும். தின்னர், பெட்ரோல் வேண்டவே வேண்டாம். ஈரம் பிழிந்த சுத்தமான பருத்தித் துணி போதும். புதிய முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு மாட்டுங்கள். அதை உரிக்காமலேயே ஒரு வாரம் வேலை செய்து, "கண்ணாடி மங்கல்" என்று திட்டியவன் நான்தான்.

கண்ணுக்குத் திரையோ கண்ணாடியோ கொடுப்பது பற்றி 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35ஆவது பிரிவே பேசியது. நான் சட்டம் பேச வரவில்லை. அடுத்த முறை ஹெல்மெட் வாங்கும்போது செல்லை மாற்ற முடிகிற மாடலாகப் பாருங்கள். செல்லை உள்ளேயே வைத்து மூடியது மலிவு, ஆனால் செல் தீர்ந்தால் ஹெல்மெட்டே குப்பை. கூடவே முன்கண்ணாடி பத்து, பட்டன் செல் ஐந்து வாங்கி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

அந்த டப்பாவை ஸ்டோரில் மட்டும் வைக்காதீர்கள். இரவு ஷிப்ட்டில் ஸ்டோர் பூட்டியிருக்கும், சாவி உங்கள் வீட்டில் இருக்கும்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவரிடம் வேலை செய்யும் வெல்டர்