‘ரன்’ படுத்தும் பாடு

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள். நான் நலம், முழங்கால்தான் அவ்வப்போது முரண்டு பிடிக்கிறது.

பேத்திக்கு ‘ரன்’ என்ற ஆங்கில வினைச்சொல்லைச் சொல்லிக்கொடுக்கத் திணறுவதாக எழுதியிருந்தாய். “மூக்கு எப்படித் தாத்தா ஓடும்?” என்று அவள் கேட்டது நியாயம்தானே? நமக்கு மூக்கு ஒழுகும், ஆங்கிலேயர்களுக்கு ஓடும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காரர்களே இந்த ஒரு வினைக்கு 645 பொருள் பிரித்திருக்கிறார்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இதற்காகவே 9 மாதம் உட்கார்ந்தாராம். 1989 பதிப்பில் ‘செட்’தான் முன்னால் நின்றது, 430 பொருளோடு.

அவ்வளவையும் குழந்தை தலையில் கட்டாதே. நம் ‘ஓடு’ மட்டும் லேசுப்பட்டதா? கடிகாரம் ஓடுகிறது, படம் ஓடுகிறது, பேருந்து ஓடுகிறது. இவை எல்லாவற்றுக்கும் தைரியமாக ‘ரன்’ போடலாம். கவலையில் நமக்கு ஒன்றுமே ஓடாதே, அதற்கு மட்டும் போட முடியாது.

சிக்கலே ‘ஓட்டு’வில்தான். தானாக நடந்தால் ஓடு, ஒருவர் நடத்தினால் ஓட்டு என்று நாம் பிரித்துவைத்திருக்கிறோம். அவர்களுக்கு இரண்டும் ஒன்றே. ‘தி மெஷின் ரன்ஸ்’ என்றால் இயந்திரம் ஓடுகிறது. ‘ஷீ ரன்ஸ் தி மெஷின்’ என்றால் அவள் ஓட்டுகிறாள். பின்னால் செயப்படுபொருள் வந்தால் பெரும்பாலும் ‘ஓட்டு’தான். கம்பெனி நடத்துவது, கணினியில் ப்ரோக்ராமை இயக்குவது எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ‘ரன் எ மைல்’ போன்றவை சேராது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால், பழைய ஆங்கிலத்தில் தன்வினைக்கு ஒன்று, பிறவினைக்கு ஒன்று என இரண்டு சொற்கள் இருந்தன. போகப்போக ஒன்றாகக் கலந்துவிட்டன. சிட் (உட்கார்), செட் (வை) போன்ற சில ஜோடிகள்தான் தப்பிப் பிழைத்தன.

ஒட்டுச்சொற்களில் மட்டும் கவனம். நண்பனை ‘ரன் இன்டு’ செய்தால் எதிர்பாராத சந்திப்பு. ‘ரன் ஓவர்’ செய்தால் அவன்மேல் வண்டியை ஏற்றிவிட்டாய், போலீஸ் கேஸ். தேர்தலில் அமெரிக்கர் ஓடுவார், பிரிட்டிஷ்காரர் நிற்பார். நம் ஆட்களும் நிற்கிறவர்கள்தான்!

ஓடு, ஓட்டு அவளுக்குப் பிடிபட்டதா என்று எழுது. அடுத்து ‘டேக்’கைத் தூக்கிக்கொண்டு வருவாள், தயாராக இரு.

அன்புடன்,
சிவராமன்