48 பையன்களும் சிரிக்கணும்

பாளையங்கோட்டை,
ஜனவரி 3

அன்பு எய்யாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். பன்னிரண்டாம் வகுப்புப் பையன்களின் பிரிவு உபசார விழாவும் அதற்கான சிரிப்பு மலரும் உன் பொறுப்பு என்று போனில் சொன்னாய். ரொம்ப சந்தோஷம். போனில் பாதிதான் பேச முடிந்தது. மீதியை எழுதியிருக்கிறேன், பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்.

முதலில் நாளைக் குறி. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச் முதல் வாரத்தில் பொதுத்தேர்வு. ஜனவரி தாண்டிவிட்டால் பையன்கள் ரெக்கார்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு கையெழுத்துக்கு அலைவார்கள், சிரிக்க மனசு வராது. நடுவில் பொங்கல் விடுமுறை வேறு. தை பிறந்துவிட்டால் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை குவியும், பள்ளிக்கூட மலர் பின்னால்தான் போகும். அதனால் அச்சகத்தில் இன்றே சொல்லிவை. எழுத்து முழுதும் பொங்கலுக்கு முன் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

'ஆளுக்கு ஒரு நினைவு எழுதிக் கொடுங்க'ன்னு பொதுவாகச் சொல்லாதே. சொன்னால் முக்கால்வாசிப் பேர் 'மறக்க முடியாத பசுமையான நாட்கள்' என்றுதான் எழுதிக் கொண்டுவருவார்கள். அஞ்சலட்டை அளவில் சீட்டு வெட்டி, அதில் மூன்று கேள்வி எழுதிக் கொடு. என்னைக்கு, எந்த பீரியடு? வாயில் வந்த சொல் அப்படியே என்ன? அப்ப கையிலயோ பெஞ்சு மேலயோ என்ன இருந்தது? மூன்றாவது கேள்விக்குப் பதில் யோசிக்கிறபோதுதான் மற்றதெல்லாம் ஞாபகம் வரும்.

ஒரு சீட்டு எப்படி மாறும் என்று பார். 'கடைசி பெஞ்சில் ஒளிச்சுச் சாப்பிட்டது மறக்காது' என்று ஒருத்தன் எழுதுகிறான் என்று வை. அவனைக் கூப்பிட்டு அந்த மூன்றையும் வாயால் கேட்டால் இப்படி வரும்: 'மூணாம் பீரியடு. தூக்குச்சட்டியத் திறந்தா சொதி வாசம் முன் பெஞ்சு வரைக்கும் போயிட்டு. கெமிஸ்ட்ரி சார் போர்டுல எழுதிக்கிட்டே, திரும்பாமலே, இஞ்சித் துவையலும் இருக்காலன்னு கேட்டாரு.' இவ்வளவு போதும். சார் வாசத்திலேயே கண்டுபிடித்துவிட்டார் என்பதை யாரும் விளக்க வேண்டாம். தேங்காய்ப்பால் சொதிக்கு இஞ்சித் துவையல்தான் ஜோடி என்பது நம்ம ஊரில் பிறந்த எவனுக்கும் தெரியும். அதற்குக் கீழே 'எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்' என்று பையன் கட்டாயம் ஒரு வரி சேர்த்திருப்பான். அதை வெட்டிவிடு. 'இருக்கால' என்பதை 'இருக்கிறதா' என்று மாற்றிவிடாதே. எழுத்துப்பிழையைத் திருத்து, பேச்சை அப்படியே விடு.

சீட்டு வர வர, நோட்டில் 48 பேரையும் வரிசையாக எழுதி, யார் பெயர் எந்தச் சீட்டில் வந்தாலும் ஒரு கோடு போடு. இரண்டாம் நாள் பார்த்தால் நாலைந்து பேருக்கு எக்கச்சக்கமாகக் கோடு விழுந்திருக்கும், சில பெயர்களுக்கு ஒன்றுமே இருக்காது. இந்த மலரில் நீ அதிகம் உழைக்க வேண்டியது அந்த வெறும் பெயர்களுக்குத்தான். பாபநாசம் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வந்து, பெல் அடித்ததும் அதே வேகத்தில் போகிற பையன்களாக இருப்பார்கள். அவர்களைப் பற்றி வகுப்பில் பொதுவாகக் கேட்காதே, 'அவனா சார், அமைதியான பையன்' என்பார்கள். பக்கத்து பெஞ்சுக்காரனைக் கேள், அதே பஸ்ஸில் வருகிறவனைக் கேள், பி.இ.டி. சாரையும் வாட்ச்மேனையும் கேள். 'நாலு மணிக்கு இவன் பை ஜிப்பை மூடுற சத்தம் கேட்டாத்தான் எங்களுக்கு மணி தெரியும்' என்று ஒன்று கிடைத்தால் போதும், அந்தப் பையன் வகுப்பில் இருந்திருக்கிறான் என்று ஆகிவிடும். நடுவில் டி.சி. வாங்கிப் போனவர்களையும் போனில் கேட்டு, சம்மதித்தால் ஒரு பக்கத்தில் சேர்த்துக்கொள்.

பட்டப்பெயர் விஷயத்தில் கண்டிப்பாக இரு. நிறம், உடம்பு, திக்குவாய், அப்பா செய்கிற தொழில், ஃபெயிலான கதை, எதுவும் வேண்டாம். நம்ம ஜில்லாவில் இன்னொன்றும் இருக்கிறது. ஊர்ப் பெயரையோ தெருப் பெயரையோ வைத்துக் கூப்பிடுவதும், கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைச் சொல்லிச் சிரிப்பதும் வெளியூர்க்காரனுக்கு வெறும் கேலியாகத் தெரியும். அது சாதியைத்தான் சுட்டுகிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சாதியை வைத்துக் கூடப் படித்த பையன்களே ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியதை மறக்க முடியாது. அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் எதுவும் பள்ளியில் கூடாது என்று 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. குரூப் போட்டோவுக்கு அரைக்கைச் சட்டையோடு நிற்பார்கள், மணிக்கட்டு தெளிவாக விழும். போட்டோகிராபர் முன்னால் 'கழட்டு' என்று சத்தம் போடாதே. இரண்டு நாள் முன்பே வகுப்பில் பையச் சொல்.

சீட்டெல்லாம் தேறியதும், யாரைப் பற்றி எழுதியிருக்கிறதோ அவனைத் தனியாகக் கூப்பிட்டு வாசித்துக் காட்டு. வாசித்து முடிக்குமுன் சிரித்தால் வைத்துக்கொள். தலையைக் குனிந்து 'பரவால்ல சார்' என்றால் எடுத்துவிடு. 'பரவால்ல சார்' என்பது சம்மதம் இல்லை, எய்யா. ஆசிரியர்களைப் போல நடித்துக் காட்டுகிறவர்களுக்கும் இதே முறைதான். சாரின் வாடிக்கைச் சொல், சாக்பீஸை உடைக்கிற விதம், கண்ணாடியைத் தூக்கிப் பார்ப்பது, இதெல்லாம் செய்யட்டும். நடை கோணலும் குரல் கம்மலும் வேண்டாம். சம்பந்தப்பட்ட சாரிடம் முந்தின நாளே நடித்துக் காட்டச் சொல்.

இனி அச்சு. ஏ4 தாளை மடித்தால் நாலு பக்கம். எனவே மொத்தப் பக்கம் நாலின் மடங்காக இருக்க வேண்டும், இல்லையென்றால் கடைசியில் வெறும் பக்கம் நிற்கும். பக்கத்துக்கு இரண்டு பையன் என்றால் 24 பக்கம். தலைப்பு 1, தலைமையாசிரியர் வாழ்த்து 1, ஆசிரியர்கள் 2, குரூப் போட்டோவும் பெயர்களும் 2, பாதியில் போனவர்கள் 1, கையெழுத்து வாங்க வெறும் பக்கம் 1. மொத்தம் 32, அதாவது எட்டுத் தாள். உள்ளே 80 ஜி.எஸ்.எம். கனத்தில் மேப்லித்தோ என்கிற பளபளப்பில்லாத தாள் போதும், நடுவில் பின் அடித்தால் நன்றாக மடியும். பளபளக்கிற ஆர்ட் பேப்பர் வேண்டாம், பால்பாயிண்ட் மை அதில் இழுகும், கையெழுத்து வாங்க முடியாது. குரூப் போட்டோவை நடு மடிப்பில் இரண்டு பக்கத்துக்குப் பரப்பாதே. யாராவது ஒருவன் முகத்தில் மடிப்பும் பின்னும் விழும்.

பையன்கள் படத்தை வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் சுருங்கி வரும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல். 4-க்கு 5 செ.மீ. படம் தெளிவாக வர 470-க்கு 590 பிக்சலாவது வேண்டும்.

அதைவிடக் கவனம் எழுத்தில் வேண்டும். செல்போனில் அடித்தது யூனிகோடு. பேஜ்மேக்கர் என்கிற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் வைத்திருக்கிற அச்சகம் அதை வேறு எழுத்துருவுக்கு மாற்றித்தான் கோக்கும். மாற்றும்போது கொ, கோ, கௌ உடையும், கொம்பு இடம் மாறும், புள்ளி பறக்கும். 'கல்வி' என்ற சொல் வருகிற ஒவ்வோர் இடத்தையும் தேடித் தேடிப் பார். 'ல்' மேல் புள்ளி போனால் அது கலவி. தலைமையாசிரியர் வாழ்த்துரையில் அப்படி ஒன்று அச்சாகிவிட்டால் மலரில் வேறு எதையும் யாரும் படிக்க மாட்டார்கள். புரூப் மூன்று தடவை பார்க்க வேண்டும். முதல் தடவை எழுத்து, இரண்டாம் தடவை பெயரும் இனிஷியலும் மட்டும், வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு. மூன்றாம் தடவை படமும் பெயரும் ஒத்துப்போகிறதா என்று மட்டும்.

குரூப் போட்டோவைக் காலையில் கட்டட நிழலில் எடு, வெயில் முகத்தில் அடித்தால் பாதிப் பேர் கண் சுருங்கும். தரையில் 12, நாற்காலிக்குப் பின்னால் 12, பெஞ்சு மேல் 12, டெஸ்க் மேல் 12. கலையுமுன் இடமிருந்து வலமாகப் பெயர் எழுதி வாங்கிவிடு. ஆறேழு தடவையாவது எடுக்கச் சொல்.

மேடையில் ஆளுக்கு 40 விநாடி என்றால் 48 பேருக்கு 32 நிமிடம். அதற்கு மேல் இழுத்தால் கூட்டம் சலசலக்கும். ஸ்பீக்கர் பெட்டி மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்கட்டும். பின்னால் வைத்தால் கூவும்.

பதினோராம் வகுப்பும் ஆசிரியர்களும் சேர்ந்து 120 பேர் என்று வை. ஆளுக்கு 50 கிராம் அல்வா, மொத்தம் 6 கிலோ. தித்திப்புக்கு மேல் கொறிக்க மிக்சர் 25 கிராம் வீதம் 3 கிலோ. 'போகும்போது அல்வா குடுத்துட்டாங்க' என்று எவனாவது கட்டாயம் சொல்வான், ஒரு தடவை சிரித்துக்கொள்ளட்டும், மைக்கில் வேண்டாம். மலரை அல்வாவோடு சேர்த்துக் கொடுத்துவிடாதே, நெய்க் கை பட்டால் அட்டை போச்சு. கை கழுவிவிட்டு வாசல் பக்கம் வருகிறபோது கொடு.

கடைசிப் பரீட்சை அன்றைக்கு சட்டையில் மை தெளிப்பார்கள். சில வீட்டில் அந்தச் சட்டைதான் ஜூனில் தம்பிக்கு. விழா அன்றைக்கே நாலு மீட்டர் காடாத்துணியைச் சுவரில் கட்டி, பத்து மார்க்கர் பேனா வைத்துவிடு. எழுதுகிற ஆசை அங்கே தீரட்டும்.

மூன்றாம் புரூபை யாரிடமும் கொடுத்தனுப்பாதே. நீயே எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வா, சேர்ந்து பார்ப்போம். அம்மா அன்றைக்கு சொதி வைக்கிறாளாம், இஞ்சித் துவையலும் உண்டு.

அன்புடன்,
அப்பா