பெனார்த் ஏற்றத்தில் சைக்கிளுக்குத் தனித்தடம் கோரும் மனு

அனுப்புநர்:
வேல்ஸின் பெனார்த்தில் குடியிருந்து பக்கத்து நகரமான கார்டிஃப்புக்குச் சைக்கிளில் வேலைக்குப் போய்வரும் ஒருவர்.

பெறுநர்:
நடை, சைக்கிள் வழிகளுக்குப் பொறுப்பான அலுவலர் அவர்கள்,
உள்ளூர் கவுன்சில்.

பொருள்: போன்ட் அ வெரின் பாலத்திலிருந்து பெனார்த் கடைத்தெரு வரை, ஏறும் பக்கத்தில் மட்டும் சைக்கிள் தடம் அமைத்துத் தர வேண்டுதல்.

மதிப்புக்குரிய அலுவலர் அவர்களுக்கு வணக்கம்.

இந்த வழியில் போய்வரும் தமிழ்க் குடும்பங்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வசதியாக மனுவைத் தமிழில் எழுதியிருக்கிறேன். ஆங்கில நகல் இணைத்துள்ளேன்.

நாலு வருடமாக இதே வழிதான் எனக்கு. காலையில் போவது சுகம். மேட்டிலிருந்து சைக்கிளை விட்டால் ஈலி ஆற்றங்கரை வரை மிதிக்கவே வேண்டியதில்லை. பாலத்தைத் தாண்டினால் கார்டிஃப். படகு வரும்போது பாலத்தின் ஒரு பகுதி மேலே தூக்கிக்கொள்ளும், காத்து நிற்போம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆற்றைப் பார்க்கலாம். சாயங்காலம் திரும்பி வருவதுதான் பாடு.

இரண்டு ஊருக்கும் நடுவே ஆற்றைக் கடப்பது எப்போதுமே சிக்கலாகத்தான் இருந்திருக்கிறது. 1900இல் ஆற்றுக்கு அடியிலேயே ஒரு சுரங்க நடைபாதை திறந்தார்கள். 1963இல் அதை மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் 2008இல் கார்டிஃப் விரிகுடாத் தடுப்பணையின் மேல் வழி விட்டார்கள். 2010இல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்றே போன்ட் அ வெரின் வந்தது. பெயருக்கே மக்கள் பாலம் என்றுதான் பொருள். இரண்டையும் சேர்த்து விரிகுடாவைச் சுற்றிவரும் 10 கி.மீ. வளைய வழியில் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! ஆற்றைக் கடக்கும் பிரச்சினை தீர்ந்தது. மீதி இருப்பது மேடு.

மேடு யார் குற்றமும் இல்லை. ஆனால் டிசம்பரில் இங்கே நாலு மணி தாண்டியதுமே இருட்டிவிடும். போன குளிர்காலத்தில் ஒருநாள், பின்னால் பால் கேனும் அரிசிப் பையும் கட்டிக்கொண்டு ஏறுகிறேன். கடைசி கியர். நடக்கிற வேகம்தான். பின்னால் ஒரு கார். பாவம், அவர் ஹாரன்கூட அடிக்கவில்லை. அவருடைய விளக்கு வெளிச்சத்தில் என் நிழல் எதிர்ச் சுவரில் நீளமாக விழுந்து இப்படியும் அப்படியும் ஆடியது. அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான், நான் எவ்வளவு தள்ளாடுகிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது. இறங்கி நடைமேடையில் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே எதிரே ஒரு பெண், இரட்டைக் குழந்தை வண்டியோடு. யாராவது ஒருவர் தெருவில் இறங்கித்தான் ஆக வேண்டும். நான் இறங்கினேன்.

சைக்கிள் இறங்கும் பக்கத்துக்கு நான் எதுவும் கேட்கவில்லை. 2023 செப்டம்பரிலிருந்து குடியிருப்புத் தெருக்களில் பெரும்பாலும் மணிக்கு 20 மைல்தான் வேகம். இறக்கத்தில் சைக்கிள் கார்களோடு சேர்ந்தே போய்விடும். ஏறும்போது மணிக்கு 7, 8 கி.மீ. தாண்டாது. அந்த ஒரு பக்கத்துக்குத் தடம் போதும். இரண்டு பக்கமும் கேட்டால் கார் நிறுத்த இடமில்லாமல் போய்விடும், பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதுவும் நியாயம்தான். பேஜட் சாலை மாதிரியான செங்குத்துத் தெருவையும் கேட்கவில்லை. அதில் சைக்கிளில் ஏறுபவர்களைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம். சரிவு குறைந்த ஒரு தெருவாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும்.

கூடவே, நடந்து ஏறும் வயதானவர்கள் மூச்சு வாங்கி உட்கார நடுவில் இரண்டு பெஞ்சுகள் போட்டுத் தாருங்கள். தெரு முனைகளில் நடைமேடையின் விளிம்பைத் தாழ்த்திவிட்டால் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் முட்டாமல் ஏறும்.

வேல்ஸின் 2013ஆம் ஆண்டு நடை, சைக்கிள் போக்குவரத்துச் சட்டம், வேலைக்கும் பள்ளிக்கும் கடைக்கும் போகிற வழிகளைப் படத்தில் குறிக்கவும் ஆண்டுதோறும் மேம்படுத்தவும் உள்ளாட்சிகளுக்குப் பொறுப்பு கொடுத்திருக்கிறது. சக்கர நாற்காலியில் போகிறவரையும் அது நடப்பவராகவே கணக்கில் எடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உலாவுக்கு வழி நன்றாகவே இருக்கிறது. திங்கட்கிழமை அரிசிப் பையோடு வருகிறவருக்கும் அது உதவ வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

வரைபடத்தில் பார்த்தால் இந்த மேடு தெரியாது. குளிர்காலத்தில் ஒரு மாலை நாலரை மணிக்குப் பாலத்தடிக்கு வாருங்கள். சைக்கிள் நான் கொண்டுவருகிறேன், அரிசிப் பையும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெனார்த் குடியிருப்பாளர்