வாக்கி டாக்கி வாங்கச் சொன்னீர்களே, உரிமம் பற்றிச் சொல்லவில்லையே

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழில் புயல் காலத்துக்கு வீட்டில் எடுத்து வைக்க வேண்டிய பொருட்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். டார்ச், பவர் பேங்க், குளோரின் மாத்திரை, அரிசி பருப்பு எல்லாம் சரி. ஆனால் கடைசியில், ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் வாக்கி டாக்கி இரண்டு வாங்கி, காலியாக இருக்கிற ஏதாவது ஓர் அலைவரிசையில் வைத்துக்கொண்டால் செல்போன் செத்தாலும் பேசிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

நான் நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது இங்கே கரண்ட் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன, செல்போனில் சிக்னல் இல்லை, சாலையில் மரம். வேதாரண்யத்தில் இருக்கும் அக்கா வீட்டுச் சேதி மூன்று நாள் கழித்து, பைக்கில் வந்த ஒரு பையன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த மூன்று நாள்தான் என்னை ஹாம் ரேடியோ, அதாவது அரசு உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்வது, அந்தப் பக்கம் கொண்டுவந்தது. பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, வி.யு.3 என்று தொடங்கும் கால்சைன், அதாவது ரேடியோவில் என்னை அடையாளம் காட்டும் அழைப்புப் பெயர், கிடைத்த பிறகு நான் வாங்கிய முதல் செட் எது தெரியுமா? பாவ்ஃபெங் யூவி-5ஆர். உங்கள் கட்டுரைப் படத்தில் இருக்கிற அதே செட். ஆகவே விலை குறைந்த செட்டைக் குறை சொல்ல நான் எழுதவில்லை, அது இல்லையென்றால் என்னைப் போன்றவர்கள் இந்தப் பக்கமே வந்திருக்க முடியாது.

அது ஏன் அவ்வளவு மலிவு என்றால், முன்பு ஒரு பலகை நிறையப் பாகங்கள் செய்த வேலையில் பெரும்பகுதியை ஆர்.டி.ஏ.1846 என்ற ஒரே சிப் செய்துவிடுகிறது. சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில் செய்கிறார்கள். நான்கைந்து வாட் சக்தி, 128 சேனல், ஒரு டார்ச் லைட், பாட்டுக் கேட்க எஃப்.எம். எல்லாம் உள்ளங்கைக்குள். குறையும் உண்டு. சில செட்டுகள் தன் அலைவரிசையின் இரண்டு மடங்கிலும் மூன்று மடங்கிலும் குப்பையைச் சேர்த்து அனுப்பும், டவர் பக்கத்தில் பெரிய ஆன்டெனாவில் மாட்டினால் காது அடைத்த மாதிரி ஆகிவிடும். அதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

பிரச்சினை அந்த "காலி" என்ற வார்த்தையில் இருக்கிறது. இந்தச் செட் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை, அப்புறம் 400 முதல் 520 வரை எங்கே வைத்தாலும் பேசும். நம் நாட்டில் ஹாம்களுக்கு அதில் கொடுத்திருப்பது 144 முதல் 146 வரை, 434 முதல் 438 வரை, அவ்வளவுதான். மீதியில் பெரும்பகுதி போலீஸ், துறைமுகம், கப்பல், தொழிற்சாலை என்று யாருக்காவது ஒதுக்கப்பட்ட இடம். அங்கே இந்த நிமிடம் சத்தம் இல்லை என்பதால் காலி என்று அர்த்தமில்லை. கடலில் 16ஆம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்துக்கு உதவி கேட்கும் சேனல். பெரும்பாலும் அமைதியாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். எங்கள் ஊர் விசைப்படகில் எஞ்சின் நின்று போனாலோ தண்ணீர் ஏறினாலோ கூப்பிட வேண்டிய இடம் அது. உங்கள் கட்டுரையைப் படித்த ஒருவர் அதைக் காலி என்று நினைத்து, "சாம்பார்ல உப்பு பாத்தியா" என்று பேசிக்கொண்டு பட்டனை அழுத்திப் பிடித்திருந்தால் என்ன ஆகும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

நானே அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். வாங்கிய புதிதில், செட்டின் திரையில் தெரியும் இரண்டு வரிகளில் மேல் வரியில் ஹாம்கள் கூப்பிடும் 145.500, கீழ் வரியில் கேட்பதற்கு மட்டும் என்று அந்த 156.8, இரண்டையும் மாறி மாறிக் கேட்கும் டி.டி.ஆர். வசதியையும் போட்டு வைத்திருந்தேன். கேட்க வைத்ததே தவறு என்று அப்போது உறைக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் மேல் வரியில் நண்பர் கூப்பிட்டார். நான் கையை எட்டுவதற்குள் கீழ் வரியில் யாரோ இரண்டு வார்த்தை பேச, செட் அங்கே தாவியிருக்கிறது. நான் திரையைப் பார்க்கவில்லை. பட்டனை அழுத்தி சாவகாசமாக வானிலை, ஆன்டெனா என்று அரை நிமிடம் பேசி முடித்து விட்டதும், கடலில் இருந்து ஒரு குரல், "யாரு இது, லைன விடு" என்றது. எனக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது. அன்று ராத்திரியே செட்டைக் கேபிளால் கம்ப்யூட்டரில் மாட்டி, சேனல்களை ஏற்றி இறக்கும் சிர்ப் மென்பொருளில் அந்தச் சேனலை நீக்கினேன். டி.டி.ஆரை நிறுத்தினேன். மலை மேலிருந்து நம் பேச்சை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் மாதிரி தேவையான நாலைந்து சேனல் மட்டும் ஏற்றினேன். கேட்க மட்டும் வேண்டிய சேனலுக்கு அந்த மென்பொருளில் டூப்ளெக்ஸ் என்ற கட்டத்தில் "ஆஃப்" கொடுத்தால் பட்டனை அழுத்தினாலும் போகாது. மெனு 9இல் நேர வரம்பும் வைத்துவிட்டேன், பட்டன் எங்காவது சிக்கிக்கொண்டாலும் தானே நின்றுவிடும். வீட்டில் குழந்தைகள் எடுத்து நோண்டுவார்கள் என்றால் # பட்டனை அழுத்திப் பிடித்துப் பூட்டி வைப்பது நல்லது.

சரி, தூரத்துக்கு வருகிறேன். எத்தனை கிலோமீட்டர் போகும் என்று கட்டுரை சொல்லவே இல்லை, அதுதான் வாங்குகிறவர் முதலில் கேட்பது. இந்த அலை ஏறக்குறைய கண்ணுக்கு எட்டும் தூரம்தான் போகும். உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை நாலால் பெருக்கினால் கிலோமீட்டரில் தோராயமாக ஒரு கணக்கு வரும். தரையில் நிற்கும் ஒருவர் கையில் செட் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் ஐந்து கிலோமீட்டர், எதிரில் இருப்பவருக்கும் ஐந்து, ஆக வெட்டவெளியில் பத்து. நடுவில் தென்னந்தோப்பும் மாடி வீடுகளும் இருக்கிற எங்கள் ஊரில் நான் பார்த்தது இரண்டு, மிஞ்சினால் மூன்று. எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவே கஜா அன்று இந்தச் செட் இரண்டு இருந்திருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்காது.

எட்டு வாட், பத்து வாட் என்று விளம்பரம் செய்வதை வாங்கினாலும் பெரிய மாற்றம் வராது. உயரம்தான் வேண்டும். நான் 49 சென்டிமீட்டர் பித்தளைக் கம்பி ஒன்றை நேராக நிறுத்தி, அதே அளவில் நாலு கம்பி கீழே சரித்து வைத்து ஓர் ஆன்டெனா கட்டினேன். கம்பியும் கனெக்டரும் உள்ளூர்க் கடையிலேயே கிடைத்தன. மொட்டை மாடியில் இருபதடி குழாயில் அதை ஏற்றிய அன்று, அதுவரை கரகரவென்று மட்டும் கேட்ட ஒரு நண்பர் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்டார். அதுகூட முடியாதவர்கள் 49 சென்டிமீட்டர் ஒயர் ஒன்றை ஆன்டெனா அடியில் இருக்கும் உலோக வளையத்தில் தொடும்படி கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கலாம், வித்தியாசம் தெரியும்.

நடுவில் மறைப்பில்லை என்றால் இதே செட் என்ன செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். எதிர்வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். சர்வதேச விண்வெளி நிலையம் எங்கள் தலைக்கு மேலே போகும் நேரம் பார்த்து அவளை மாடிக்குக் கூப்பிட்டேன், செட் என் பொறுப்பில், அவள் கேட்க மட்டும். நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் வேகமாக நெருங்கி வருவதால் 437.800இல் அனுப்புவது முதலில் 437.810இல் கேட்கும், நேர் மேலே வரும்போது 437.800, விலகும்போது 437.790. ஐந்து சேனலாக ஏற்றிக் கொடுத்திருந்தேன். குரல் உடைய ஆரம்பித்ததும் அவளே ஒரு சேனல் இறக்குவாள், ஆன்டெனாவைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து எந்தக் கோணத்தில் தெளிவாக இருக்கிறதோ அங்கே அசையாமல் பிடிப்பாள். பத்து நிமிடம்தான். நிலையம் அடிவானத்துக்குக் கீழே போனதும் "அடுத்தது எப்ப மாமா?" என்றாள். 2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா அங்கிருந்து ஹாம் ரேடியோவில் நம் மாணவர்களோடு பேசியதை அவள் டி.வி.யில் பார்த்திருக்கிறாள், இப்போது பரீட்சைக்குப் படிக்கிறாள்.

2004 சுனாமியைச் சொல்லி ஹாம் ரேடியோவைப் புகழ்ந்திருந்தீர்கள், சந்தோஷம். அன்று போர்ட் பிளேரில் பாரதி பிரசாத்தும் குழுவினரும் ஏற்கெனவே ஹாம் பயணமாகப் போய் நிலையம் அமைத்து இயக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் இருந்தவை வெகுதூரம் போகும் எச்.எஃப். செட்டுகள், கைகளில் வருஷக்கணக்கான பழக்கம். பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கும் ஒரு செட்டை அதோடு சேர்த்துப் பேசுவது சரியில்லை. புயல் அன்று முதல்முறையாக பட்டனை அழுத்துகிறவருக்கு எப்போது பேசுவது, எப்போது வாயை மூடிக்கொண்டு வழிவிடுவது என்று தெரியாது.

அந்த உரிமம் ஒன்றும் எட்டாக்கனி இல்லை. 12 வயது முடிந்திருந்தால் போதும். தொடக்க நிலையான ரெஸ்டிரிக்டட் கிரேடுக்கு, தட்டித் தட்டிச் செய்தி அனுப்பும் மோர்ஸ் தேவையில்லை, அடிப்படை எலக்ட்ரானிக்ஸும் விதிமுறைகளும்தான் பரீட்சை. மத்திய அரசின் சரல் சஞ்சார் தளத்தில் விண்ணப்பிக்கலாம். இருபது வருஷ உரிமத்துக்குக் கட்டணம் 1000 ரூபாய், ஆயுளுக்கும் என்றால் 2000. உரிமம் இல்லாமல் இந்தச் செட்டை வைத்திருப்பதே குற்றம், கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், வாக்கி டாக்கி விற்பவர்கள் அது எந்த அலைவரிசையில் இயங்கும், உரிமம் வேண்டுமா என்பதைத் தெளிவாகப் போட வேண்டும் என்றே சொல்லியிருக்கிறார்கள். கடைக்காரருக்கே அந்தக் கட்டாயம் இருக்கும்போது பத்திரிகையும் சொல்லியிருக்க வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு திருத்தம் போடுங்கள், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில். பரீட்சை எழுத நினைக்கும் எங்கள் மாவட்டத்து வாசகர்கள் யாராவது கேட்டால் என் விலாசத்தைக் கொடுக்கலாம், கவரின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடியில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு ஹாம் வாசகர்,
நாகப்பட்டினம் மாவட்டம்