அப்பாவுக்கு, கல்வெட்டில் விடுபட்ட ஒரு வரியைப் பற்றி

அன்புள்ள அப்பா,

அடுத்த வாரம் உங்கள் முதலாம் ஆண்டு நினைவு நாள். மாந்தோப்புச் சமாதியின் தலைமாட்டில் நிறுத்தப்போகும் கல்லுக்கான வாசகத்தைச் சித்தப்பா எழுதி அனுப்பியிருந்தார். சென்னை அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி, மதராஸ் ரெஜிமெண்ட், வெலிங்டன், காஷ்மீர், நாகாலாந்து, லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு என்று எல்லாம் வரிசையாக இருந்தன. இலங்கை மட்டும் இல்லை. கேட்டதற்கு, "வேணாம் கண்ணு, ஊருல நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. 1987 ஜூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி, அமைதி காக்கும் படை என்ற பெயரோடு போன இந்திய ராணுவம், அக்டோபரில் புலிகளோடு போரில் இறங்கியது. 1990 மார்ச் 24 அன்று கடைசி அணி திருகோணமலையிலிருந்து கப்பலேறியபோது ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்கள் உயிரோடு இல்லை, உயிரிழந்த தமிழ் மக்களின் பெயர்களையோ ஒருசேர எந்தக் கல்லிலும் நான் பார்த்ததில்லை. திரும்பி வந்த படையை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை. அது சரி என்பவர்களும் தவறு என்பவர்களும் இந்தக் கடிதத்தைப் படிப்பார்கள் என்பதால், அந்த வழக்கில் நான் இங்கே இறங்கவில்லை. உங்களோடு பணிபுரிந்தவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்கள் மனம் நோகும்படி எதையும் எழுதவும் மாட்டேன்.

வெலிங்டன் குவார்ட்டர்ஸில் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு, உங்கள் ரெஜிமெண்டின் போர் முழக்கமான "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று கத்தச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தான். இலங்கையிலிருந்து திரும்பி, சாமல்பட்டி ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு வந்த அன்று, உங்களை மகிழ்விக்க நினைத்து வாசலில் நின்று அதையே கத்தினேன். "உள்ளே போய்ப் படி" என்றீர்கள். ஊர்ப் பெயரே இல்லாமல் 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) என்று முடியும் முகவரிக்கு அதுவரை நான் எழுதிய இன்லேண்டு கடிதங்களெல்லாம் யாருக்குப் போய்ச் சேர்ந்தன என்ற சந்தேகம் எனக்கு அன்றுதான் வந்தது.

ஆனால் இந்த ஒரு வருடமாக என் கண்ணுக்குள் நிற்பது அந்த நாள் அல்ல; 2003இல், கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆவதற்கு முந்தைய வருடம், நம் வீட்டு மாடிக்குக் கான்கிரீட் போட்ட நாள். மேஸ்திரி அழைத்து வந்த சித்தாள்களில் பாம்பாறு அணை இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமைச் சேர்ந்த ஓர் அம்மா இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லியான உடம்பு, சும்மாட்டின் மேல் ஜல்லிச் சட்டி. நீங்கள் தூக்குப் பாத்திரத்தோடு வெளியே வந்து, "தேத்தண்ணி குடிச்சிட்டு ஏறுங்கம்மா" என்றீர்கள். நம் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவர் சட்டியை இறக்கி வைத்துவிட்டு உங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா அங்க நிண்டனீங்களோ?"

"ஓம். வவுனியாவில, பிறகு மன்னாரில."

"ஆமியிலயோ?"

"ஆமியிலதான்."

சமையலறை ஜன்னலில் நின்றிருந்த எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் மண்ணை வாரித் தூற்றுவார், அல்லது வேலையை விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். "எங்கட வீட்டையும் வந்து தேடினவை. அதில ஒருத்தன் தமிழ் கதைச்சவன், தண்ணி கேட்டவன்" என்றார் அவர். ஆட்களை நிற்க வைத்தே பேசிப் பழகிய நீங்கள், வெள்ளை வேட்டியோடு அந்த ஜல்லிக் குவியலின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தீர்கள். அதற்குள் கலவை மிஷினை ஓட்டிவிட்டார்கள். உங்கள் இருவரின் வாயும் அசைவது தெரிந்ததே தவிர, ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை. நீங்கள் மணலில் விரலால் ஏதோ கோடு போட்டீர்கள். பாதையோ, குளக்கரையோ, தெரியவில்லை. அவர் குனிந்து அந்தக் கோட்டுக்குச் சற்றுத் தள்ளி ஓர் இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். நீங்கள் தலையசைத்தீர்கள். சும்மாட்டுத் துணியை உதறி முகத்தைத் துடைத்துக்கொண்ட அவர், மேஸ்திரி கூப்பிட்டதும் எழுந்து போய்ச் சட்டியைத் தூக்கினார்.

அன்று இரவு உங்களிடம் கேட்டேன். "கான்கிரீட்டுக்குப் பாத்தி கட்டித் தண்ணி விட்டாங்களான்னு பாரு" என்றீர்கள்.

இன்றும் எனக்கு ஆறவில்லை, அப்பா. முன்பின் அறியாத ஒருவருக்கு மணலில் படம் போட்டுச் சொன்னதை, உங்கள் ரத்தத்துக்கு ஒரு வாக்கியமாகக்கூட நீங்கள் சொல்லவில்லை. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் கொல்லப்பட்டதைக் கல்லூரி நாட்களில் படித்துவிட்டு, அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று நாட்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்த மகளின் நிலை உங்களுக்குப் புரிந்திருக்காது. ஊருக்கெல்லாம் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று அடையாளம் காட்டப்படும் வீட்டில், அம்மாவும் நானும் ஒரு கேள்வியைச் சுற்றி நடந்தே காலத்தைக் கழித்தோம்.

பெட்டியைப் பிரித்தோம். மற்றப் பதக்கங்களெல்லாம் கூடத்துச் சட்டகத்தில் இருக்க, வெளிநாட்டுப் பணிக்குத் தரும், இலங்கைப் பட்டை கோத்த விதேஷ் சேவா பதக்கம் மட்டும் கறுப்பு டிரங்கின் அடியில், உங்கள் பழைய கம்பளி மஃப்ளருக்குள் சுற்றி வைத்திருந்தது. தூக்கிப் போடவும் இல்லை, மாட்டவும் இல்லை. அதைப் பார்த்ததும் உங்கள் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியாமல் அழுதேன்.

மன்னித்துவிடுங்கள், நீங்கள் மூடி வைத்ததை நான் ஊர் பார்க்கத் திறக்கிறேன். ஆனால் கேட்க உரிமை உள்ளவர் கேட்டபோது நீங்கள் ஒளிக்கவில்லை, "ஆமியிலதான்" என்றீர்கள், அந்தத் துணிவில்தான் நானும் இதைச் செய்கிறேன். அங்கே இறந்தவர்களின் பெயர்கள் 2019இல் திறந்த டெல்லி தேசியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. கொழும்புக்கு அருகிலும் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. உயிரோடு திரும்பியவர் தம் சொந்தத் தோப்பில்கூட அதைச் சொல்லக் கூடாதா? நம் பக்கத்துக் காடுகழனிகளில் நிற்கும் பல்லவர் காலத்து நடுகற்களில், இன்ன மன்னன் ஆட்சியில், இன்னாருடைய தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, கவர்ந்தபோது பட்டான், மீட்டபோது பட்டான் என்று வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கவரப் போனவனுக்கும் கல் உண்டு.

ஆகவே 'இலங்கை, 1987–1989' என்ற வரி காஷ்மீருக்கும் நாகாலாந்துக்கும் சமமான எழுத்தில் இருக்கும். புகழ்ச்சியாகவோ விளக்கமாகவோ அதன் பக்கத்தில் ஒரு சொல்லும் இருக்காது. அம்மா சம்மதித்துவிட்டார். கல் பட்டறையில் முன்பணம் கொடுத்தாயிற்று. சித்தப்பாவுக்கு இது பிடிக்கவில்லை என்றால் அவர் தந்த பங்கை அவரிடமே திருப்பித் தந்துவிட்டு, முழுச் செலவையும் நானே ஏற்றுக்கொள்கிறேன்.

உங்கள் மகள்