ஒன்பது பேருக்கு ஒரு ரம்பம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தையும் அதனுடன் நீ இணைத்திருந்த பட்டியலையும் மூன்று முறை படித்தேன். நீங்கள் ஒன்பது பேரும் சேர்ந்து நிலம் வாங்கி, மண்சுவர் வீடுகள் எழுப்பி, உலர் கழிப்பறை, விறகு அடுப்பு, கைப்பம்பு ஆகியவற்றோடு, பெட்ரோலையும் டீசலையும் இயன்றவரை தொடாமல் வாழ முடிவெடுத்திருப்பதை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பட்டியலில் கருவிகள் இரண்டு பக்கம் நீள்கின்றன; யார் எந்த நாளில் சமைப்பார், ஒருவர் பிரிந்து போக விரும்பினால் அவர் போட்ட பணம் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. ஆறு ஆண்டுகள் அப்படியொரு வாழ்க்கையை வாழ்ந்துவிட்டு வெளியே வந்தவன் என்ற முறையில், விடுபட்டுப்போன அந்தப் பக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கருவிகளைப் பற்றி உனக்கு ஐயம் வேண்டாம். ராக்கெட் அடுப்பில் வெப்பம் கசியாத சிறிய எரியறையும் அதன்மேல் நிமிர்ந்த குழாயும் இருப்பதால் சுள்ளிகளே நன்றாகப் பற்றி எரிகின்றன. புகையும் குறைகிறது, விறகும் குறைகிறது. கொதி வந்த பானையை இறக்கி வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் மூடிவைத்தால், மீதிச் சமையலை அதன் சூடே முடித்துவிடும். எங்களிடம் இவை இரண்டும் இருந்தன. ஆயினும் முதல் ஆண்டின் முடிவில் விறகுக் குவியல் முன்பு போலவே கரைந்திருந்தது. அடுப்பு சிக்கனமானது என்று தெரிந்ததும், குளிக்க இருவேளையும் வெந்நீர் வைக்கத் தொடங்கியிருந்தோம். நீராவி எந்திரம் சிக்கனமாக ஆக ஆக பிரிட்டனின் மொத்த நிலக்கரிச் செலவு கூடியதே தவிரக் குறையவில்லை என்று 1865இல் ஆங்கிலப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் எழுதியது, எங்கள் அடுப்படியிலும் நடந்தது. எளிய கருவி தானாக எதையும் குறைப்பதில்லை. இவ்வளவுதான் என்று எல்லோரும் கூடி ஒரு வரம்பு வைத்து, அதைக் காத்தால் மட்டுமே செலவு குறைகிறது.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 1997இல் தொடங்கப்பட்ட டான்சிங் ராபிட் என்ற சூழல் கிராமத்தைப் பார். மண்ணும் வைக்கோல் கட்டுகளும் கொண்டு கட்டிய அதன் வீடுகளைத்தான் படம் எடுத்துப் போடுகிறார்கள். என் கணிப்பில் அங்கு நடந்த பெரிய காரியம், உறுப்பினர் எவரும் சொந்த மோட்டார் வாகனம் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற உடன்படிக்கைதான். எல்லோருக்கும் பொதுவாகச் சில வண்டிகளே உள்ளன. ஒரு வண்டியை நம்பிப் பலர் இருக்கும்போது, பயணத்தைப் பற்றி முன்கூட்டியே பேசியாக வேண்டியிருக்கிறது. பேசும்போதே பாதிப் பயணங்கள் தேவையற்றவை என்று தெரிந்துவிடுகிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. சுவிட்சர்லாந்தின் மலைக்கிராமமான டோர்பெலில், குளிர்காலத்தில் தன்னால் தீனி போட்டு வளர்க்க முடிந்த பசுக்களுக்கு மேல் ஒரு பசுவைக்கூட யாரும் பொது மேய்ச்சல் நிலத்துக்கு அனுப்பக் கூடாது என்ற விதி 1517ஆம் ஆண்டிலேயே எழுதிவைக்கப்பட்டது. இப்படிப்பட்ட ஊர்களை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பொதுச்சொத்து நீடித்த இடங்களில் அவர் கண்டவை எளிமையானவை: பயன்படுத்துவோரே விதியை வகுக்கிறார்கள், அவர்களே அல்லது அவர்களுக்குப் பொறுப்பானவர்களே கண்காணிக்கிறார்கள், முதல் தவறுக்குத் தண்டனை சிறியதாகவும் தொடர்ந்தால் பெரியதாகவும் இருக்கிறது, சச்சரவைத் தீர்க்க அதிகச் செலவில்லாத ஓரிடம் இருக்கிறது.

எங்களிடம் இந்த நான்கில் ஒன்றும் இல்லை. நாங்கள் நண்பர்கள், நண்பர்களுக்கு விதி எதற்கு என்று நினைத்தோம். இருவர் சேர்ந்து இழுக்கும் அருமையான ரம்பம் ஒன்று எங்களிடம் இருந்தது. எல்லோரும் அறுத்தார்கள், அரம் எடுத்துப் பல் தீட்டியவர் ஒருவர் மட்டுமே. அவரும் சலித்து நிறுத்திய பிறகு ஒரு மழைக்காலம் முழுவதும் அது வெளியிலேயே கிடந்து துருவேறியது. கூட்டத்தில் யார் விட்டது என்று கேட்க எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது. இரண்டு மாதத்தில் மூன்று வீடுகளில் மூன்று ரம்பங்கள் தொங்கின. பிறகு ஏணி தனியானது, அதன் பிறகு அடுப்பு. பொதுச் சமையலறை பூட்டப்பட்டதும் நான் வெளியேறினேன். இன்றும் அது எனக்கு வலிக்கிறது.

இன்னொன்றை இதைவிட அழுத்தமாகச் சொல்ல வேண்டும். எந்திரத்தை ஒதுக்கும்போது அது செய்த வேலை மறைந்துவிடுவதில்லை. யாரோ ஒருவரின் தோளுக்கு வந்து சேர்கிறது. எங்களிடம் அது பெண்களின் தோளுக்குத்தான் வந்தது. ஆண்கள் சுவர் எழுப்பியதை உழைப்பு என்றோம். துவைத்ததையும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டதையும் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1967 முதல் நடந்துவரும் ட்வின் ஓக்ஸ் என்ற கூட்டுவாழ்வுக் குடியிருப்பில் ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு ஏறத்தாழ 42 மணி நேர உழைப்பு என்று கணக்கு வைத்தார்கள். சமையலும் குழந்தை வளர்ப்பும் விற்பனைக்கான தொழிலும் அதில் ஒரே மதிப்புள்ள மணிகள். நட்புக்குள் கணக்கா என்று உனக்குக் கசக்கலாம். எழுதாத கணக்கை மனம் எழுதிக்கொண்டே இருக்கும் என்பதை நான் கண்டிருக்கிறேன்.

ஆகையால் துவைக்கும் இயந்திரம் கூடாது என்று நீ அடிக்கோடிட்டிருப்பதை மறுபடி யோசி. இங்கிலாந்தின் சாமர்செட்டில் 1994 முதல் இயங்கும் டிங்கர்ஸ் பப்பிள் குழுவினர், நிலத்தில் புதைபடிவ எரிபொருளே கூடாது என்று உறுதியாக இருப்பவர்கள். அவர்களும் மரம் அறுக்க விறகில் ஓடும் நீராவி எந்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்பது பேருக்குப் பொதுவாக ஒரே ஒரு துவைக்கும் இயந்திரத்தைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டுவதில் உங்கள் நோக்கத்துக்கு எந்தப் பழுதும் இல்லை.

நிலத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன், ஓராண்டு வாடகை வீட்டில் ஒன்பது பேரும் ஒரே அடுப்பு, ஒரே வண்டி, ஒரே கணக்கு நோட்டோடு இருந்து பாருங்கள். பிரிந்து செல்பவருக்கு எவ்வளவு பணம், எத்தனை மாதத்தில் என்பதையும் எல்லோரும் இணக்கமாக இருக்கும் இப்போதே எழுதிக் கையெழுத்திடுங்கள். தொடங்கும் நாளைத் தெரிவி. முதல் வாரம் பாத்திரம் துலக்கும் முறையில் என் பெயரைப் போட்டுக்கொள். வரும்போது அரம் ஒன்று கொண்டு வருகிறேன். ரம்பத்துக்குப் பல் தீட்டுவதை ஒன்பது பேருக்கும் கற்றுக்கொடுக்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்