எந்த பீரோவில் இருக்கிறது பணம்?

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. 33 வருடம் வங்கியில் வேலை பார்த்தவளுக்குச் சட்டென்று பதில் வரவில்லையே என்ற கூச்சம்தான்.

"ஜனங்கள் போடுகிற டெபாசிட்டை லயபிலிட்டி (வங்கி தர வேண்டியது) பக்கம் எழுதுகிறார்கள், கொடுத்த கடனைச் சொத்து என்கிறார்கள், எல்லாம் தலைகீழாக இருக்கிறதே" என்றாய். பி.காம். வங்கியியல் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. எழுதிப் போட்டதை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிக்கொண்டு போகாமல் இதைக் கேட்டாயே, எனக்கு அதுவே சந்தோஷம்.

நான் கேஷ் கவுன்டரில் இருந்த காலத்தில் ஒரு பாட்டி வருவார், தறிக்காரர் வீட்டுப் பாட்டி. டெபாசிட் ரசீதை நாலாக மடித்துச் சுருக்குப் பைக்குள் வெற்றிலையோடு வைத்திருப்பார். விரித்தால் மடிப்பெல்லாம் சுண்ணாம்பு. ஒருநாள் புதுப்பிக்க வந்தவர், "அம்மிணி, என்ர பணம் எந்த பீரோவுல இருக்குது? ஒருக்கா கண்ணுல காட்டு" என்றார். நான் உள்ளே கையைக் காட்டி, "அந்த இரும்புக் கதவுக்குப் பின்னாடி பத்திரமா இருக்குதுங்க ஆத்தா" என்றேன். கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போய்விட்டார்.

நான் சொன்னது பொய். அந்த ஸ்ட்ராங் ரூமில் இருந்தது அன்றைய பட்டுவாடாவுக்கான ரொக்கமும் அடகு நகைகளும்தான். பாட்டியின் பணம் என்றைக்கோ வெளியே போயிருந்தது. சட்டம் ஒதுக்கி வைக்கச் சொல்கிறபடி, சிஆர்ஆர் என்று கொஞ்சம் ரிசர்வ் வங்கியில், எஸ்எல்ஆர் என்று கொஞ்சம் அரசுப் பத்திரத்தில் (இப்போது அது 18 சதவீதம்), மீதி யாரோ ஒரு ஏற்றுமதிக்காரருக்குக் கடனாகப் போய், அவருடைய துண்டாகவும் மேசை விரிப்பாகவும் தூத்துக்குடியில் கப்பலுக்குக் காத்துக் கிடந்திருக்கும்.

பாட்டியின் சுருக்குப் பையில் இருந்தது, நாங்கள் அவரிடம் கடன் பட்டிருக்கிறோம் என்பதற்கான சீட்டு. அதனால் அது எங்களுக்கு லயபிலிட்டி. துண்டுக்காரர் எங்களுக்குத் தர வேண்டியது எங்கள் சொத்து. பாட்டி எப்போது வந்து கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். துண்டுக்காரரிடம் தவணைக்கு முன்னால் போய்க் கேட்க முடியாது. இந்த இடைவெளியில் உட்கார்ந்துதான் வங்கி பிழைக்கிறது. இதற்கே அசெட் லயபிலிட்டி மேனேஜ்மென்ட் என்று பெரிய பெயர் வைத்துப் பின்னால் ஒரு பேப்பர் வரும், பயந்துவிடாதே.

இடைவெளி கைமீறிப் போனதற்குச் சென்னையிலேயே ஒரு கதை உண்டு. 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி என்ற தனியார் வங்கி மூழ்கியது. வெள்ளைக்காரர் கம்பெனி, அசையாது என்று நம்பிப் போட்டவர்களுக்கு முழுப் பணம் திரும்பவில்லை. அதன் முதலாளி சர் ஜார்ஜ் அர்பத்நாட் ஜெயிலுக்குப் போனார். அந்தச் சூட்டில்தான் வக்கீல் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முதலானவர்கள் முன்நின்று 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். பாரிமுனைப் பக்கம் போனால் ராஜாஜி சாலையில் அதன் கட்டடத்தை ஒரு நடை பார்த்துவிட்டு வா.

நம்ம கரூர்க் கதை உனக்கே தெரியும். 1926இல் இங்கே பிறந்த லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17 அன்று தடை வந்தது, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று. நீ அப்போது பள்ளிக்கூடப் பையன், டிவியைப் பார்த்துக்கொண்டு "என்னாச்சும்மா" என்றாய். பத்தே நாளில் டிபிஎஸ் வங்கியோடு சேர்த்துவிட்டார்கள். டெபாசிட் போட்டவர்கள் பணம் ஒரு பைசா போகவில்லை, பங்கு வைத்திருந்தவர்களுக்குப் பூஜ்யம். டெபாசிட்காரர் வங்கிக்குக் கடன் கொடுத்தவர், பங்குக்காரர் முதலாளி. நஷ்டம் வந்தால் முதலாளி தலையில்தான் முதலில் விடியும். பேலன்ஸ் ஷீட்டின் லயபிலிட்டி பக்கத்தில் இந்த இருவரையும் ஏன் தனித்தனி வரியில் எழுதுகிறார்கள் என்பது எனக்கே அந்தப் பத்து நாளில்தான் உறைத்தது. அத்தனை வருடம் டோட்டல் டாலி ஆகிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன்!

அப்புறம், ரேஷியோ கணக்கெல்லாம் நன்றாகப் படி, வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் பழைய மேனேஜர் ஒருவர் இருந்தார். தறிக்குக் கடன் கேட்டு யாராவது ஆடிட்டர் போட்டுத் தந்த கணக்கைக் கொண்டுவந்தால், அதை ஓரமாக வைத்துவிட்டு, "ஈபி பில் கொண்டாங்க, ஆறு பில்" என்பார். தறி ஓடியிருந்தால் யூனிட் ஏறியிருக்கும். கணக்கில் வியாபாரம் பெருகி, மீட்டர் மட்டும் தூங்கினால் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். அவர் கொடுத்த கடன் ஒன்றுமே வாராக்கடன் ஆகவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனது. ஒரு பட்டறைக்காரர் மீட்டர் நன்றாக ஓடியும் ஊரைவிட்டே போய்விட்டார்.

பாட்டியிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. சொல்லியிருந்தால் அன்றைக்கே பணத்தை எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்திருப்பார், அதுவும் தெரியும். இன்றைக்கென்றால் டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை இன்சூரன்ஸ் இருக்கிறது என்றாவது சொல்லலாம். 1962இல் அது ஆரம்பித்தபோது வெறும் 1,500 ரூபாய்தான்.

சரி, உன் பேரில் நான் போட்ட டெபாசிட் தை மாதம் முதிர்கிறது. உன் போனுக்கு எஸ்எம்எஸ் வரும். காலாண்டுக்கு ஒருமுறை வட்டி சேர்த்து எவ்வளவு வர வேண்டும் என்று நீயே போட்டுப் பார்த்து, வங்கி காட்டுகிற தொகையோடு சரிபார்த்துச் சொல். எடுப்பதா புதுப்பிப்பதா என்பதும் இந்த முறை உன் இஷ்டம். முறுக்கு டப்பாவைத் திருப்பி அனுப்ப மறக்காதே, அது பெரியம்மாவுடையது.

அன்புடன்,
அம்மா